எஸ்பெரான்சாவா, ஹாவா?

மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் ஒரு அக்கா கேட்டார்: ஆறாம் வகுப்பு மகளுக்கு ‘எஸ்பெரான்சா ரைசிங்’ வாங்கவா, ‘இன்சைட் அவுட் அண்ட் பேக் அகெய்ன்’ வாங்கவா? இரண்டும் ஊர்விட்டுப் போகும் சிறுமியின் கதை: முன்னதில் எஸ்பெரான்சா, பின்னதில் ஹா. இரண்டும் ஆங்கிலம்.

காலம், இடம்: முன்னது 1930, மெக்சிகோவிலிருந்து கலிபோர்னியா. பின்னது 1975, வியட்நாமின் சைகோனிலிருந்து அமெரிக்காவின் அலபாமா.

நடை: முன்னது (2000) உரைநடை, பொறுமை வேண்டும். பின்னது (2011) முழுக்கச் சின்னச் சின்னக் கவிதைகள். தடுமாறும் பிள்ளைக்கும் ஓடும்.

வர்க்கம்: இங்கே எஸ்பெரான்சாதான். பண்ணை வீட்டுச் செல்ல மகள், அப்பா கொல்லப்பட்ட பிறகு கூலிகள் முகாமில் துடைப்பம் பிடிக்கத் தெரியாமல் நிற்கிறாள். சொல்லித்தருபவன், நேற்றுவரை அவள் வீட்டில் வேலை பார்த்தவர்களின் மகன். மேலூர்ப் பக்கம் நடவு பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அந்த இடம் சட்டென்று உறைக்கும். எனக்குத் தொண்டை அடைத்தது.

தனிமை: ஹா. ஊரில் கெட்டிக்காரி, புது வகுப்பில் மொழி தெரியாததால் மக்கு என்று பெயர்.

வீட்டில் கூலி, நிலம் பற்றிப் பேசுகிறீர்களா? எஸ்பெரான்சா. பள்ளி மாறித் திணறும் பிள்ளையா? ஹா. அக்காவின் மகள் போன வருடம்தான் தமிழ்வழியிலிருந்து ஆங்கிலவழிக்கு மாறியிருக்கிறாள். ஹாவை முதலில் கொடுங்கள் என்றேன்.