சுண்ணாம்புக்கல்லில் புதைபடிவம் பார்க்க எந்தக் கைலென்ஸ்?

10 மடங்கு பெரிதாக்குவது, 21 மி.மீ. விட்டம், மூன்று வில்லை ஒட்டியது: இதை வாங்கினால் போதும். 20 மடங்கு வேண்டாம். கல்லுக்கும் லென்ஸுக்கும் சுமார் 12 மி.மீ. இடைவெளிதான் கிடைக்கும், லென்ஸின் நிழலே பார்க்கும் இடத்தை இருட்டாக்கிவிடும். 10 மடங்கில் 25 மி.மீ. கிடைக்கிறது. ஒற்றை வில்லை மலிவுதான், ஆனால் ஓரங்களில் வண்ணம் படர்ந்து துகள்களின் விளிம்பு கலங்கும்.

அரியலூரின் கிரிட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த) காலக் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்லில் இதன் அருமை தெரியும். கிரைஃபியா சிப்பியின் தகடு தகடான அடுக்கு, அழிந்துபோன சிப்பி இனமான இனோசெராமஸ் ஓட்டின் முறிவில் செங்குத்தாக நெருங்கி நிற்கும் கால்சைட் (சுண்ணக் கனிமம்) பட்டகங்கள், கூட்டமாக வாழும் நுண்ணிய கடலுயிரான பிரையோசோவாவின் ஊசிமுனைத் துளைகள் என எல்லாமே துல்லியம்! ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே பளபளக்கும் கால்சைட் படிகம் நிரம்பியிருந்தால், அந்தக் கல் உருவான இடம் அலை அலசிச் சேற்றை அடித்துப்போன ஆழமற்ற கடல். மங்கலான சுண்ணச் சேறு இருந்தால் அமைதியான நீர். இந்த வித்தியாசத்தைக் காட்டாத லென்ஸுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் கல்லை அருகே கொண்டுவர வேண்டும். வெயிலில் வெளுத்த மேற்பரப்பில் ஒன்றும் தெரியாது. புதிதாக உடைத்த முகத்தை நனைத்துப் பாருங்கள். சுண்ணாம்புக்கல்தானா என்று நுரைத்துக் காட்டும் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலச் சோதனையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நுரை தெறித்தால் கண்ணுக்கும் லென்ஸுக்கும் கேடு. சுண்ணத் தூசியை ஊதிய பிறகே துடையுங்கள். அப்படியே தேய்த்தால் கீறல் விழும்.

இந்த லென்ஸின் ஒரே குறை, மடக்கும் திருகு நாளடைவில் தளர்கிறது.