அடியில் நீர்த்தேக்கம் கொண்ட பூந்தொட்டி: ஒரு மதிப்புரை

துளையுள்ள தொட்டியில் நீர் ஊற்றினால் தட்டு வழிந்து தரையில் மண்கறை படிகிறது. துளையில்லாத தொட்டியில் ஊற்றினால் நீர் அடியில் தங்கி வேரை அழுகச் செய்கிறது. இவ்விரண்டுக்கும் மாற்றாக விற்கப்படும், அடியில் நீர்த்தேக்கம் கொண்ட பிளாஸ்டிக் தொட்டியைச் சில மாதங்களாகப் பயன்படுத்திவருகிறேன். தரையைச் சுத்தமாக வைத்திருக்கும் வேலையை அது குறையின்றிச் செய்கிறது. ஆனால் செடி செழிப்பதும் வாடுவதும் தொட்டியைவிட அதில் நிரப்பும் மண்ணையே பொறுத்தவை என்பதை அதனுடன் வரும் குறிப்புத்தாள் சொல்வதில்லை.

அமைப்பு எளிமையானது. வெளித்தொட்டிக்குள் சற்று உயரத்தில் உள்தொட்டி அமர்ந்திருக்கிறது. இடையிலுள்ள வெற்றிடத்தில் பக்கவாட்டுக் குழாய் வழியாக நீரை நிரப்புகிறோம். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, உள்தொட்டியின் அடியிலிருந்து தொங்கும் நைலான் திரி நீரை மண்ணுக்கு ஏற்றுகிறது. நீர்மட்டத்தைக் காட்டும் மிதவை நன்றாக வேலை செய்கிறது. திரி பருத்தியில் இல்லாததும் நல்லதே, ஏனெனில் எப்போதும் ஈரத்தில் கிடக்கும் பருத்தி விரைவில் மட்கிவிடும்.

களிமண் கலந்த தோட்டத்து மண்ணை இதில் அப்படியே நிரப்பினால், அதன் நுண்ணிய இடைவெளிகள் முழுவதும் நீரால் அடைபட்டு, வேருக்குக் காற்றுக் கிடைக்காமல் போய்விடும். வேரழுகலுக்கு அடிப்படைக் காரணம் நீரின் மிகுதியைக் காட்டிலும் இந்த உயிர்வளிப் பற்றாக்குறைதான். வெறும் மணலிலோ நீர் போதிய உயரத்துக்கு ஏறுவதில்லை. தென்னைநார்க் கழிவைப் பெரும்பகுதியாகக் கொண்டு, பெர்லைட்டும் (பொரிந்த எரிமலைப் பாறையின் எடையற்ற வெண்துகள்கள்) சிறிது மண்புழு உரமும் சேர்த்த கலவை ஈரத்தை மேலே கொண்டுவருவதோடு காற்றுக்கும் இடம் விடுகிறது. வடிகாலுக்காக அடியில் கூழாங்கல் பரப்பும் பழக்கம் எந்தத் தொட்டிக்கும் பெரிதாக உதவுவதில்லை. மேலுள்ள மண் முற்றிலும் ஊறிய பிறகே நீர் கல்லுக்குள் இறங்கும் என்பதால், ஊறிய பகுதி வேரை நோக்கி உயர்வதே மிச்சம். இந்தத் தொட்டியில் கல் திரியையும் மண்ணையும் பிரித்துவிடும். புதிதாக நட்ட செடிக்கு, வேர் கீழே இறங்கும் வரை மேலிருந்தே நீர் ஊற்ற வேண்டும்.

நீர் எப்போதும் கீழிருந்து மேலே ஏறி ஆவியாவதால், நீரிலும் உரத்திலும் உள்ள உப்புகள் மேல்மண்ணில் வெண்படலமாகப் படிகின்றன. அவ்வப்போது உள்தொட்டியை வெளியே எடுத்து, மேலிருந்து தாராளமாக நீர் ஊற்றி அலசுவதே இதற்கு வழி. உள்தொட்டியைத் தூக்கக் கைப்பிடி வைக்காதது வடிவமைப்பாளரின் அலட்சியம். ஈரமண்ணின் எடையோடு விளிம்பைப் பிடித்து உயர்த்துவது எளிதன்று.

நீர் நிரப்பும் குழாய்க்கு மூடி இல்லாதது அதைவிடப் பெரிய குறை. வெப்பமான காலத்தில், தேங்கிய நீரில் பெருகி டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழுவளர்ச்சி அடைய ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே போதும் என்பதால், திறந்த வாயில் நுண்வலை கட்டுவது அவசியம். வெளித்தொட்டியின் பக்கவாட்டில், உள்தொட்டியின் அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே, மிகுநீர் வெளியேறும் துளை ஒன்று ரப்பர் அடைப்புடன் உள்ளது. வீட்டுக்குள் அதை மூடி வைக்கலாம். மழைபடும் இடத்தில் கட்டாயம் திறந்துவிட வேண்டும்.

பெரணி, புதினா, மணி பிளான்ட் ஆகியவற்றுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மண் முழுவதும் காய்ந்த பிறகே அடுத்த நீரை விரும்பும் கள்ளி, சோற்றுக் கற்றாழை, பாம்புக் கற்றாழை போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அவற்றுக்கு அடித்துளையுள்ள சாதாரண மண்தொட்டியும் ஆழமான தட்டும் போதும்.