மலேரியா மாத்திரை: டாக்சிசைக்ளினா, மலரோனா?

கிழக்கு ஆப்பிரிக்காவின் மசாய் மாரா, செரங்கெட்டி சஃபாரிக்குப் பெட்டி கட்டுமுன் முடிவு செய்ய வேண்டியது மலேரியா தடுப்பு மாத்திரை. டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் ஊர் திரும்பியும் 4 வாரம் தினமும் விழுங்க வேண்டும். வெயில் பட்டால் சிலருக்குத் தோல் சிவந்து எரியும். கூரை திறந்த ஜீப்பில் நாள் முழுக்க நிற்பவர்களுக்கு இது சிறிய தொல்லையல்ல. முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் கட்டாயம். விழுங்கியவுடன் படுத்தாலோ நெஞ்சு எரியும். கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தருவதில்லை.

மலரோன் விலை அதிகம். திரும்பிய பின் 7 நாளில் முடிந்துவிடும். ஒரு வாரப் பயணத்துக்கு நான் இதையே சொல்வேன். மாதக்கணக்கில் தங்குபவர்களுக்கு டாக்சிசைக்ளின்தான் கட்டுப்படியாகும். எதுவானாலும் மருத்துவரைக் கேட்டு, புறப்பட ஓரிரு நாள் முன்பே தொடங்குங்கள். சட்டை மட்டும் கருநீலத்தில் வேண்டாம். ரத்தம் உறிஞ்சும் செட்சி ஈ அந்த நிறத்தைத் தேடி வரும்.