பட்டணத்தில் இடமில்லாததெல்லாம் தாம்பரத்துக்கு

2001ல் நான் டொரண்டோவுக்குக் கிளம்பியபோது தாம்பரம் - சென்னை பீச் மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1931ல் தொடங்கிய சேவை அது. 2004ல் அது நின்று, அகலப் பாதை ரயில் வந்துவிட்டது. அப்பா காலமான பிறகு, அம்மாவுக்கு ஆக வேண்டிய வேலைகளை முடித்துக்கொடுக்க 2024 ஜனவரியில் நான்கு வாரம் தாம்பரத்தை ஒட்டிய சிட்லப்பாக்கத்தில், எங்கள் வீட்டில் தங்கியிருந்தேன். அலைந்த இடங்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் அம்மாவின் முழங்கால். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குப் போனோம். 2005ல் திறந்தது. காலை ஏழரைக்கே நல்ல கூட்டம். அம்மா கைப்பையில் ஒரு காலி பாட்டிலை வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால், "எண்ணெய் வாங்கத்தான்டா, பாட்டில் நாமதான் கொண்டு போகணும்" என்றார். உள்ளே போனதும் மருத்துவர் நாடி பார்த்தார், முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தார். "மாடிப்படி ஏறுறீங்களாம்மா? தூக்கம் எப்படி?" என்று நிதானமாகக் கேட்டார். அதிலேயே அம்மாவுக்குப் பாதி வலி போயிருக்கும். மருந்துக் கூடத்தில் சூரணப் பொட்டலம் கொடுத்து, பாட்டிலில் எண்ணெயும் ஊற்றினார்கள். மருந்துக்குக் காசு கிடையாது. கூட்டத்தில் திருவண்ணாமலையிலிருந்து வந்தவர்கள்கூட இருந்தார்கள்.

சானடோரியம் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. காசநோய்க்கு நல்ல காற்று வேண்டும் என்று டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928ல் இங்கே ஒரு காசநோய் மருத்துவமனை ஆரம்பித்தார். 1937ல் அதை அரசு எடுத்துக்கொண்டது. எச்.ஐ.வி. நோயாளிகளை மற்ற இடங்களில் தொடவே பயந்த காலத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்டதும் அதே மருத்துவமனைதான்.

யோசித்தால் தாம்பரத்தின் கதையே இதுதான். பட்டணத்தில் இடம் போதாததெல்லாம் இங்கே வந்து சேர்ந்தது. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கிறித்தவக் கல்லூரி 1937ல் சேலையூர்க் காட்டுக்கு, 365 ஏக்கருக்கு வந்தது. சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சி சாலை 1985ல் வண்டலூருக்கு வந்தது. கோயம்பேட்டில் நெரிசல் தாங்காமல் தென்மாவட்டப் பேருந்துகளும் கிளாம்பாக்கத்துக்கு வந்துவிட்டன. 2023 டிசம்பர் 30 அன்று திறந்த முனையம் அது. குலதெய்வம் கும்பிடத் திருச்சிக்குப் போக அங்கேதான் பஸ் ஏறினோம். கட்டடம் விசாலம், கழிப்பறை சுத்தம், அம்மாவுக்குச் சக்கர நாற்காலியும் கிடைத்தது. ரயில் பாதை பக்கத்திலேயே ஓடியும் முனையம் திறந்தபோது அங்கே நிலையம் இல்லை. தாம்பரத்தில் இறங்கி மாநகரப் பேருந்து பிடித்துத்தான் போனோம்.

இப்படி வந்தவையெல்லாம் ஊரை வளர்த்தன. ஆனால் ஊருக்குள் குடியிருப்பவர்களுக்கான வசதி அதே வேகத்தில் வளரவில்லை, இது என் உறுதியான எண்ணம். பீச் வரைக்கும் கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர், ரயிலில் 10 ரூபாய். எங்கள் தெருவிலிருந்து ரயிலடிக்கு இரண்டரை கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 120 ரூபாய் கொடுத்தேன். அப்பா கடைசிக் காலத்தில் வெளியே போவதையே ஏன் குறைத்துக்கொண்டார் என்று அப்போதுதான் புரிந்தது. சேலையூர், மாடம்பாக்கம், சிட்லப்பாக்கம் உள்தெருக்களுக்கு ரயில் நேரத்தை ஒட்டி மினி பஸ் விட்டால் எத்தனை வயதானவர்கள் தனியாக வெளியே போய்வருவார்கள்!

அப்புறம் வங்கி வேலை. எந்தக் கிளை என்று சொல்லவில்லை. கூட்டுக் கணக்கிலிருந்து அப்பா பெயரை எடுக்க மூன்று நாள் நடந்தோம். முதல் நாள் இறப்புச் சான்றிதழ் நகல், இரண்டாம் நாள் நோட்டரி கையெழுத்து. மூன்றாம் நாள், "அந்த மேடம் லீவு சார், திங்கட்கிழமை வாங்க." எழுபத்து நான்கு வயது அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னென்ன தாள் வேண்டும் என்று வாசலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தால் ஒரே நடையில் முடிந்திருக்கும். திங்கட்கிழமை பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்கள் என்பதால் கோபம் இன்னும் கூடியது.

சொத்து வரி அப்படியில்லை, கைபேசியிலேயே கட்டிவிட்டேன். சிட்லப்பாக்கம் பேரூராட்சி இப்போது இல்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளையும், ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். மொத்தம் 70 வார்டு. 1863ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் பூட் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த பல்லாவரமும், சோழர் காலக் கோயில் உள்ள மாடம்பாக்கமும் இன்று ஒரே மாநகராட்சிக்குள் இருக்கின்றன.

நான் ஊரை விட்டுப் போனபோது சிட்லப்பாக்கம் ஏரிக்கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நடப்போம், அவ்வளவு குப்பை. பிறகு 2019ல் ஊர்க்காரர்களே வாராவாரம் இறங்கிச் சுத்தம் செய்தார்கள். அரசும் கைகொடுத்து ஏரியைச் சீரமைத்தது. இப்போது கரையில் நடைபாதை இருக்கிறது. கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை அம்மா எண்ணெய் தேய்த்த காலோடு மெதுவாக நடந்து வந்தார். பாதி வழியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீரைக் காட்டி, "உங்கப்பாவும் குப்பை அள்ளினார்டா, ரெண்டு ஞாயித்துக்கிழமை" என்றார். எனக்கு அதுவரை தெரியாது.