சிலிண்டர் பட்டையில் கோக்கும் எடைப் பை: தாராளமா வாங்கலாம்

ஸ்கூபா டைவிங்கில் நீருக்குள் இறங்கக் கட்டும் ஈய எடை மொத்தத்தையும் இடுப்பு பெல்ட்டிலேயே கட்டினால் பலருக்குக் கால் தொங்கும், காலில் மாட்டிய துடுப்பு மணலைக் கிளப்பும், காற்றும் வேகமாகத் தீரும். அதற்குத்தான் இந்த ஜோடிப் பை. முதுகுச் சிலிண்டரைப் பிடிக்கும் மேல் பட்டையில் கோத்து, பெல்ட்டிலிருந்து பைக்கு 1 கிலோ எடுத்துப் போட்டேன், உடம்பு கிடைமட்டமாக நின்றுவிட்டது. தையல் அருமை. பக்கிள்தான் ரொம்பச் சின்னது, கையுறையோடு திறக்க வராது.

அலுமினிய சிலிண்டர் என்றால் கவனம்: காற்று குறையக் குறைய அதன் அடிப்பகுதி மிதக்கத் தொடங்கும், தலை கவிழ்ந்தால் பையைக் கீழே இறக்குங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் (அழுத்த அலகு) காற்றே சுமார் இரண்டரைக் கிலோ, மூச்சு விட விட அந்த எடை குறையும், அதனால் 50 பார் மிச்சமிருக்கும்போது 5 மீட்டர் ஆழத்தில் எடை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அவசரத்தில் இதைச் சட்டென உதற முடியாது. பெல்ட்டிலும் போதுமான ஈயம் கட்டாயம் இருக்கட்டும்.