ஃப்ரீமாண்ட் தென்னிந்திய உணவகம்: சாப்பாடு சரி, பில்லில்தான் வம்பு

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் தோசைக்குப் பஞ்சமே இல்லை. அதனால் இந்தக் கடையைச் சாப்பாட்டை மட்டும் வைத்து எழுதினால் சீக்கிரமே முடிந்துவிடும். நெய் ரோஸ்ட் ஓரம் வரை முறுகலாக வந்தது, நெய்யில் கஞ்சத்தனம் இல்லை. சாம்பாரில் இனிப்பு இல்லை (கலிஃபோர்னியாவில் இதற்கே தனியாக மார்க் போடலாம்). மட்டன் சுக்காவில் மிளகு தூக்கல், கறியைவிட எலும்பு இன்னும் தூக்கல். தேங்காய்ச் சட்னி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு வந்தது. ஃபில்டர் காபி டபரா செட்டில் வந்தாலும் டிகாக்‌ஷன் தண்ணியாகத்தான் இருந்தது. இரண்டாவது முறை சாம்பார் கேட்டபோதும் பரிமாறிய பெண் முகம் கோணாமல் கொண்டுவந்தார். மொத்தத்தில் பெரிய குறை சொல்ல முடியாத கடை. பெயர் போடாததற்குக் காரணம், நான் சொல்லவரும் சங்கதி இந்த ஒரு கடையோடு நிற்கிற ஒன்றல்ல என்பதுதான்.

பில் வந்தது. நாலு பேர் சாப்பிட்டது 82 டாலர். அதற்குக் கீழே 'சர்வீஸ் ஃபீ 5%' என்று 4 டாலர் 10 சென்ட். அதையும் சேர்த்த தொகைக்கு மேல் விற்பனை வரி, ஏனென்றால் கலிஃபோர்னியாவில் கட்டாயக் கட்டணத்துக்கும் வரி உண்டு, நாமாகக் கொடுக்கும் டிப்ஸுக்குத்தான் கிடையாது. ஆக 95 டாலர். அப்புறம் கார்டு தேய்க்கும் திரையை நம் பக்கம் திருப்பிவிட்டார்கள், 18, 20, 22 என்று மூன்று பெட்டி. இருபதை அழுத்தினால் 19 டாலர் காட்டுகிறது, அதாவது சர்வீஸ் ஃபீக்கும் வரிக்கும் சேர்த்தே டிப்ஸ் கணக்கு. 82-க்குச் சாப்பிட்டுவிட்டு 114 கொடுத்துவிட்டு வந்தோம்.

கல்லாவில் இருந்த தம்பியிடம், இந்த ஐந்து சதவீதம் பரிமாறுகிறவர்களுக்கா போகிறது என்று கேட்டேன். "தெரியலண்ணா, சிஸ்டத்துலயே வந்துடும்" என்றான். அவனைக் கோபித்து என்ன பயன். அச்சிட்ட மெனுவைத் திருப்பிப் பார்த்தால் கடைசிப் பக்கத்தில், முந்திரி ஒவ்வாமை எச்சரிக்கைக்கும் கீழே, எறும்பு எழுத்தில் இந்தக் கட்டணம் பற்றி ஒரு வரி இருந்தது. ஆனால் நாங்கள் ஆர்டர் செய்தது மேசையில் ஒட்டியிருந்த க்யூஆர் மெனுவைப் பார்த்து. அதில் அந்த வரியே இல்லை.

இங்கேதான் சட்டம் வருகிறது. 2023-ல் கலிஃபோர்னியா சட்டமன்றம் எஸ்.பி. 478 என்ற மசோதாவை நிறைவேற்றியது. காட்டுகிற விலையில் எல்லாக் கட்டாயக் கட்டணமும் அடங்கியிருக்க வேண்டும், அரசு வரியும் அனுப்பும் செலவும் மட்டும் தனியாக இருக்கலாம். 2024 ஜூலை 1 முதல் அமல். ஹோட்டல் அறை, கச்சேரி டிக்கெட் எல்லாம் இதற்குள். உணவகங்களும் இதற்குள்தான் என்று மாநில அட்டர்னி ஜெனரல் ராப் போன்டா அலுவலகம் அந்த வசந்தத்தில் தெளிவாகச் சொன்னதும் ஓட்டல்காரர்கள் பதறிப்போனார்கள். உணவகங்களுக்கு விலக்குத் தர உடனே எஸ்.பி. 1524 என்று ஓர் அவசர மசோதா. கொண்டுவந்தவர் செனட்டர் பில் டாட், முதல் சட்டத்தை எழுதிய இருவரில் ஒருவர்! ஆளுநர் நியூசம் ஜூன் 29 அன்று கையெழுத்துப் போட்டார், அமலுக்கு வர இரண்டு நாள் இருக்கும்போது. பெற்ற பிள்ளைக்கு நடை பழகுவதற்கு முன்பே காலைக் கட்டிவிட்டார் மனிதர்.

அந்த விலக்குப்படி உணவகம், பார், மளிகைக்கடை எல்லாம் தனிக் கட்டணம் போடலாம், ஆனால் விலை போட்டிருக்கும் ஒவ்வொரு மெனுவிலும் அது எதற்காக என்ற விளக்கத்தோடு பளிச்சென்று தெரியவேண்டும். இந்தக் கடையின் க்யூஆர் மெனு அந்த மெல்லிய நிபந்தனையைக்கூடத் தாண்டவில்லை. கடைசிப் பக்கத்து எறும்பு எழுத்தைப் பளிச் என்று யாராவது வாதாடினால் அவருக்குக் கண்ணாடி வாங்கித் தரலாம்.

முதலாளிகள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அதில் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. இந்த மாநிலத்தில் டிப்ஸைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்க முடியாது, முழுக் குறைந்தபட்சக் கூலி கொடுத்தே ஆகவேண்டும். டிப்ஸ் முழுக்க ஊழியருடையது, முதலாளி தொடக்கூடாது. சர்வீஸ் கட்டணம் என்று போட்டால்தான் சமையல்கட்டுக்கோ மருத்துவக் காப்பீட்டுக்கோ பணம் திருப்ப முடியும் என்கிறார்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் ஊழியர் மருத்துவச் செலவுக்கான நகரச் சட்டம் 2008-ல் அமலுக்கு வந்ததிலிருந்து பல கடைகள் பில்லில் அதற்கென்று ஒரு தனிக் கட்டணம் சேர்ப்பது பழகிப்போன விஷயம். சரி, செலவு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதை ரோஸ்ட் விலையில் ஏற்றிவிட்டால் என்ன? விலை ஏறினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள் என்பதுதான் நிஜமான பயம். எல்லாருக்கும் ஒரே விதி என்றால் அந்தப் பயத்துக்கே வேலை இல்லை, மினசோட்டா மாநிலத்தில் 2025 ஜனவரி முதல் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். உணவகமும் கட்டணத்தை விலைக்குள்தான் சேர்க்க வேண்டும், டிப்ஸாக ஊழியருக்குப் போகும் தொகைக்கு மட்டும் விலக்கு. நம் ஊரிலும் சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அது செல்லும் என்றது. உணவகச் சங்கம் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது.

கிளம்பும்போது மேனேஜரிடம் க்யூஆர் மெனுவைக் காட்டிச் சொன்னேன். "பார்க்கிறேன் சார்" என்றார், 4 டாலர் 10 சென்ட்டைத் திருப்பித் தரவும் முன்வந்தார். வாங்கிக்கொண்டேன், அதை அப்படியே பரிமாறிய பெண்ணிடம் கொடுத்தோம்.

போகிறவர்கள் சட்னியைக் கொஞ்சம் சில்லிப்பு போகவிட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள், காபியைத் தவிர்க்கலாம், சனி ஞாயிறு மதியம் பார்க்கிங் கிடைப்பது கஷ்டம். டிப்ஸ் திரையில் 'வேறு தொகை' என்ற பெட்டி கீழே சின்னதாக இருக்கும், அதை அழுத்தி உணவு விலைக்கு மட்டும் கணக்குப் போடுங்கள். என் மார்க் 5-க்கு 3. க்யூஆர் மெனுவில் அந்தக் கட்டண அறிவிப்பு ஏறினால் 4 ஆக்கிவிடுகிறேன்.