குன்னூரில் டிஸ்ப்ளே போன போன்

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு நீலகிரி வருகிற நம்மவர்கள் யாருக்காவது போன் உடைந்தால், கடையில் முதல் பேச்சாகச் சொல்ல வேண்டியது இதுதான்: "போன் சரியாக வேண்டாம், உள்ளே இருக்கிறது வந்தால் போதும்." என் போனில் டிஸ்ப்ளே போனபோது நான் முதலில் ஏறிய கடையில் அதைச் சொன்ன பிறகும் "ரீசெட் போட்டுப் பார்க்கலாமா?" என்றார்கள். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் பேசினேன். டேட்டா அழிந்தால் பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் போனை எடுப்பார்களாம். அவர்களுக்குப் போன் முக்கியம், எனக்கு அதில் பதிந்திருந்த பெரியம்மாவின் குரல் முக்கியம்.

போட்டோக்கள் எல்லாம் கூகுள் கணக்கில் ஏறியிருந்தன. ஏறாதது வாய்ஸ் ரெக்கார்டிங். கூகுள் போட்டோஸ் படத்தையும் வீடியோவையும்தான் எடுத்துக்கொள்ளும், ஆடியோவைத் தொடாது. கோத்தகிரியில் இருக்கும் பெரியம்மா, இலங்கை மலையகத் தமிழரில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியதையும், மண்டபம் முகாமில் கிடந்ததையும், கடைசியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்ததையும் அடுப்படியில் உட்கார்ந்து சொல்லச் சொல்லப் பதிந்திருந்தேன். மறுபடி கேட்டால் "அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே" என்று எழுந்து போய்விடுகிற ஆள்.

வேலை நடந்தது குன்னூர் மவுண்ட் ரோட்டில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு சின்னக் கடையில். கடைத் தம்பி என் நம்பருக்கு ஒரு கால் போட்டு, போனைக் காதில் வைத்துப் பார்த்தார். உள்ளே வைப்ரேட் ஆனது. "போர்டு உயிரோட இருக்குங்க்கா, டிஸ்ப்ளேதான் போயிருச்சு." சூடு காட்டிப் பின்மூடியை நெம்பினார், டிஸ்ப்ளேயை போர்டோடு இணைக்கும் பழைய ஃப்ளெக்ஸ் நாடாவைக் கழற்றினார், அதே மாடலின் வேறொரு டிஸ்ப்ளேயைச் சொருகி, ஒட்டாமல் ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தினார். பின் நம்பர் கேட்கும் திரை எரிந்தது.

அந்தத் திரை வராமல் எதுவும் நடக்காது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களில் தொடங்கி என்கிரிப்ஷன், அதாவது உள்ளே இருப்பதை ஒரு சாவியால் பூட்டிவைப்பது, கட்டாயம். மெமரி சிப்பைத் தனியாகப் பிடுங்கினாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அதே போர்டில், உங்கள் பின் போட்டால்தான் திறக்கும். ரீசெட் போட்டால் சாவியே அழிந்துவிடும். திரை தெரிந்து டச் மட்டும் போயிருந்தால் செலவே இல்லை, போனில் மவுஸ், பென் டிரைவ் சொருக உதவும் ஓடிஜி கேபிளில் ஒரு மவுஸ் சொருகினால் போதும்.

ஒன்று மட்டும் உறுத்தியது. ரசீதுச் சீட்டிலேயே போனைத் திறக்கும் பேட்டர்ன் வரைய ஒன்பது புள்ளி அச்சடித்திருக்கிறார்கள். மேலே கிடந்த சீட்டுகளில் யார் யாருடைய கோடோ, பக்கத்திலேயே பேரும் நம்பரும். நான் எழுதித் தரவில்லை. பின்னை நானே போட்டேன், கடை கம்ப்யூட்டர் வேண்டாமென்று என் பென் டிரைவைச் சொருகினேன். தம்பி கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்களே பாத்துக்கங்க்கா" என்று ஸ்டூலை நகர்த்திவிட்டார்.

ஃபைல்கள் பாதி காப்பி ஆனபோது கரண்ட் போனது. ஐப்பசி மழையில் குன்னூரில் அது அதிசயமில்லை. போனில் சார்ஜ் இருந்ததால் காப்பி நிற்கவில்லை. ரெக்கார்டிங் முடிந்ததும் வாட்ஸ்அப் ஃபோல்டரையும் எடுத்தேன், ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள் மீடியா என்பதில் இருக்கும். அதே நம்பரைப் புதுப் போனில் போட்டால்தான் அந்த பேக்கப் திறக்கும். என்னுடையது கனடா சிம், அதற்கான சரிபார்ப்பு எஸ்எம்எஸ் ரோமிங்கில் வந்தது. இ-சிம் வைத்திருப்பவர்கள் அதைக் கழற்றி மாற்ற முடியாது, அந்த ஊர்க் கம்பெனியிடம் மறுபடி வாங்க வேண்டும். பேங்க் லாகினுக்குக் குறியீடு தரும் கூகுள் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள் திரை எரியும்போதே எக்ஸ்போர்ட் கியூஆரைத் திறந்து புதுப் போனால் ஸ்கேன் செய்துவிடுங்கள். நானும் அதைச் செய்தேன்.

டிஸ்ப்ளேக்குக் காசு வாங்கவில்லை, கைவேலைக்கு மட்டும்தான். புது டிஸ்ப்ளே விலையில் கால்வாசிகூட வராது. உங்கள் மாடலுக்கு அங்கே பழைய டிஸ்ப்ளே இல்லையென்றால் கோயம்புத்தூரிலிருந்துதான் வரவேண்டும். பிளைட் ஏறும் நாள் வரை இழுக்காமல் போய்விடுங்கள்.